திரையில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று வருவதை நம்பி ஏமாறாதீர்கள்

மொபைல் செயலி கட்ட உதவும் ரியாக்ட் நேட்டிவில் எழுதுகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள். எழுதும்போதே செயலியை ஓட்டிப் பார்க்க உதவும் அதன் மெட்ரோ சர்வரை ஓட்டினால் டெர்மினலில் லோக்கல்ஹோஸ்ட் (அதாவது இந்தக் கணினி மட்டும்), போர்ட் 8081 என்று ஒரு வரி வரும். சர்வர் தன் மடிக்கணினியைத் தாண்டிப் போகவில்லை என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில், ஹோஸ்ட் முகவரியை நாம் தராவிட்டால் அந்த வரியில் மட்டும்தான் லோக்கல்ஹோஸ்ட். சர்வர் உட்கார்ந்திருப்பது 0.0.0.0-இல், அதாவது கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும். அதே வைஃபையில் இருக்கும் எவரும் அதைத் தொடலாம்.

சோர்ஸ் கோட் தெரிவதோடு இது நிற்கவில்லை. 2025 நவம்பரில் வெளியான சிவிஇ-2025-11953 என்ற ஓட்டையைப் பாருங்கள் (சிவிஇ என்பது பொதுவில் பதிவான பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் எண்). பிரவுசரில் ஒரு முகவரியைத் திறக்க உதவும் 'ஓபன்-யூஆர்எல்' என்ற வழி அந்தச் சர்வரில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் சரத்தைச் சோதிக்காமல் அப்படியே இயக்க முறைமையிடம் கொடுத்துவிடுகிறது. பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்லை. விண்டோஸில் நினைத்த கட்டளையை ஓட்டிவிடலாம். மேக்கிலும் லினக்ஸிலும் அவ்வளவு தாராளம் இல்லை, ஆனாலும் புரோகிராம்களை இயக்க முடியும். தீவிர மதிப்பெண் 10-க்கு 9.8. ஓட்டை இருந்தது ரியாக்ட் நேட்டிவ் கம்யூனிட்டியின் 'சிஎல்ஐ-சர்வர்-ஏபிஐ' பேக்கேஜில், 4.8.0 பதிப்பிலிருந்து. 20.0.0-இல் அடைத்தார்கள். பழைய புராஜெக்ட்களில் இன்னும் பழைய பதிப்பே கிடக்கும், பேக்கேஜ் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் (lock) கோப்பைத் திறந்து பாருங்கள். உடனே மேம்படுத்த முடியாதவர்கள் சர்வரைத் தொடங்கும்போது ஹோஸ்ட் என்ற இடத்தில் 127.0.0.1 என்று கைப்படக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் சோதிக்க வைஃபை தேவையே இல்லை. யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஆண்ட்ராய்டின் ஏடிபி கருவியில் ரிவர்ஸ் கட்டளையால் போனின் 8081-ஐக் கணினியின் 8081-க்குத் திருப்பிவிட்டால் போதும்.

எந்தச் சர்வரானாலும் திரைவரியை விட்டுவிட்டு இயக்க முறைமையின் கருவான கெர்னலைக் கேளுங்கள். லினக்ஸில் 'எஸ்எஸ்' கட்டளையோடு டி, எல், என், பி என்ற நான்கு எழுத்துகள். விண்டோஸில் 'நெட்ஸ்டாட்' கட்டளையோடு ஏ, என், ஓ. முகவரிப் பத்தியில் 127.0.0.1 அல்லது ::1 இருந்தால் உள்ளேயே இருக்கிறது. 0.0.0.0, வெறும் இரட்டை முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, இவற்றில் எது இருந்தாலும் எல்லா முகவரிகளிலும் கேட்டுக்கொண்டிருக்கிறது. போனிலிருந்து 192.168 முகவரியில் திறந்து பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்: சில வைஃபைகளில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அங்கே மூடியதுபோல் தெரிந்த சர்வர், அடுத்த இடத்தின் வைஃபையில் திறந்தே இருக்கும்.

விண்டோஸ்காரர்களுக்கு இன்னொன்று. மெட்ரோ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் சர்வர்களை இயக்கும் நோடை முதன்முதலில் ஓட்டும்போது ஃபயர்வால் அனுமதி கேட்கும். அவசரத்தில் தனியார், பொது இரண்டையும் டிக் செய்திருப்போம். அந்த அனுமதி அன்று ஓட்டிய சர்வருக்கு மட்டுமல்ல, நோட் புரோகிராமுக்கே. பிறகு நோடில் ஓடும் எல்லாமே அதே அனுமதியில் வெளியே தெரியும். ஃபயர்வால் விதிகளில் நோடின் பெயரைத் தேடி, பொது என்பதை நீக்குங்கள்.

ஃபயர்வாலை நம்பி அதிகம் பேர் ஏமாறுவது, புரோகிராம்களைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலைப் போட்டு, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் 5432 போர்ட்டை மறுத்திருப்பார்கள், நிலையைக் கேட்டால் 'மறுப்பு' என்றே காட்டும். ஆனால் கண்டெய்னரை 5432:5432 என்று பப்ளிஷ் செய்திருந்தால் (கணினியின் போர்ட்டைக் கண்டெய்னரின் போர்ட்டோடு இணைத்திருந்தால்) போஸ்ட்கிரஸ் வெளியே திறந்தே இருக்கிறது. யுஎஃப்டபிள்யூவின் அந்த விதி நிற்பது இன்புட் சங்கிலியில், அதாவது இந்தக் கணினிக்கே வரும் பாக்கெட்டுகளைச் சோதிக்கும் விதிவரிசையில். டாக்கரோ பாக்கெட் உள்ளே வந்ததுமே சேருமிட முகவரியைக் கண்டெய்னருக்கு மாற்றிவிடுகிறது. அதன்பின் பாக்கெட், வேறிடத்துக்குக் கடத்துவதற்கான ஃபார்வர்ட் சங்கிலி வழியாகப் போகிறது. இன்புட் பக்கம் வருவதே இல்லை. காவலாளி நிற்கும் வாசல் வேறு, ஆள் நுழையும் வாசல் வேறு.

கண்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் 127.0.0.1:5432:5432 என்று முழுதாக எழுதுங்கள். பக்கத்துக் கண்டெய்னர் மட்டும் பேச வேண்டிய டேட்டாபேஸ் என்றால் போர்ட்ஸ் வரியே வேண்டாம். டாக்கர் 28-க்கு முந்தைய பதிப்புகளில் 127.0.0.1 என்று கட்டியதைக்கூட அதே லேன் பிரிவில் இருக்கும் இன்னொரு கணினி எட்ட முடிந்தது. ஆகவே பதிப்பையும் பாருங்கள். ரெடிஸ் என்ற டேட்டாபேஸில் கூடுதல் கவனம்: 3.2 பதிப்பு முதல், பாஸ்வேர்ட் இல்லாதபோது வெளி இணைப்புகளை மறுக்கும் பாதுகாப்பு முறை என்ற ஒன்று அதற்கு உண்டு, ஆனால் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் அது அணைத்தே வருகிறது. பாஸ்வேர்ட் இல்லாமல் 6379-ஐத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் வந்தவருக்குச் சொந்தம்.

இணையப் பக்கங்களை உருவாக்கும்போது ஓட்டும் வீட் (Vite) சர்வர் இயல்பாக லோக்கல்ஹோஸ்டில்தான் நிற்கும். போனில் பார்ப்பதற்காக ஹோஸ்ட் என்று சேர்த்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் சிவிஇ-2025-30208. முகவரியின் கடைசியில் 'ரா' (raw) என்ற சொல்லையும் சில கேள்விக்குறிகளையும் சேர்த்தே, தடைப் பட்டியலில் இருக்கும் இஎன்வி கோப்பு (ரகசியச் சாவிகளை வைக்கும் .env) முதல் கணினியின் மற்ற கோப்புகள் வரை படிக்க முடிந்தது. 6.2.3, 6.1.2, 6.0.12, 5.4.15, 4.5.10 ஆகியவற்றில் சரிசெய்தார்கள். அடுத்த சில வாரங்களில் இதே வகையில் வேறு ஓட்டைகளும் வந்ததால், அந்த எண்களில் நின்றுவிடாமல் உங்கள் வரிசையின் கடைசிப் பதிப்புக்கே போங்கள். 

பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஃபிளாஸ்கின் டீபக் முறையை வெளியே காட்டவே கூடாது: பிழை வந்தால், பைத்தான் கட்டளைகளை ஓட்டும் கன்சோலை அது பிரவுசரிலேயே திறக்கும். பேட்ரியான் தளத்துக்குள் 2015 செப்டம்பரில் புகுந்தது, பொதுவில் தெரிந்த டீபக் பதிப்பு வழியாகத்தான். இப்போது அந்தக் கன்சோல் பின் எண் கேட்கிறது. ஆனால் அந்த எண் பயனர் பெயர், மேக் முகவரி, மெஷின் ஐடி போன்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. கோப்பு படிக்க ஓர் ஓட்டை இருந்தால் பின்னையும் கணக்கிட்டுவிடலாம்.

திறந்து கிடந்தது என்று தெரிந்தால் சர்வரை நிறுத்துவதோடு விடாதீர்கள். இஎன்வி கோப்பில் இருந்த கிளவுட் சாவி, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், பேமென்ட் கேட்வே ரகசியம் எல்லாவற்றையும் அன்றே ரத்து செய்து புதிது எடுங்கள். எஸ்எஸ்எச் சாவியையும் மாற்றுங்கள். ரெடிஸைக் கண்டெய்னரில் இல்லாமல் நேரடியாகக் கணினியில் ஓட்டியிருந்தால், நேரப்படி தானாக ஓடும் கட்டளைகளின் கிரான் பட்டியலிலும் அனுமதித்த எஸ்எஸ்எச் சாவிகளின் கோப்பிலும் நீங்கள் எழுதாத வரி இருக்கிறதா என்று பாருங்கள்.