‘முழு நீள இரும்பு’ என்று சொல்லி விற்ற கத்தி

காட்டிலும் மலையிலும் தங்கப் போகும்போது விறகு பிளப்பதிலிருந்து கயிறு அறுப்பது வரை எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி, மலிவாக ஒரு மடங்காத கத்தி வேண்டும் என்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் இடது உள்ளங்கையில் மூன்று தையல் போட்ட தழும்பு இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று நான் பெருமைப்பட்ட கத்தி போட்ட கோடு அது.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படத்தைப் பார்த்து மயங்கினேன். 18 செ.மீ. நீள அலகு, 5 மி.மீ. தடிமன், முதுகில் ரம்பப் பற்கள், அலகு முழுவதும் அலையலையாக டமாஸ்கஸ் வரி, பிடியின் அடியில் கயிறு கோக்கத் துளையிட்ட இரும்புக் குமிழ். விளக்கத்தில் ‘முழு நீள இரும்பு’, ‘440 ஸ்டீல்’, ‘ராக்வெல் 62’, ‘அறுவைச் சிகிச்சைத் தர எஃகு’ என்று அடுக்கியிருந்தார்கள். இதில் ஒன்றுக்காவது எனக்கு அன்று அர்த்தம் தெரியுமா என்றால், தெரியாது. தெரியாததால்தான் நம்பினேன். கீழே ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் வரிசைகட்டி நின்றன. பெட்டி நன்றாக இருக்கிறது, சொன்ன நாளுக்கு முன்பே வந்தது, அண்ணனுக்குப் பரிசாகக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தார்களே தவிர, இதை வைத்து ஒரு குச்சியைச் சீவினேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. அதை நான் கவனித்தது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளில்.

கத்தி வந்த அன்றே ஒரு குறிப்பைக் கொடுத்தது. அலகைத் துணியால் பிடித்துக்கொண்டு லேசாக உதறினால் பிடிக்குள் எங்கோ ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். புதுக் கத்தியில் பசை சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காகிதத்தை வழுவழுவென்று அறுத்தது. அதிலேயே என் மனம் நிறைந்துவிட்டது. கடையிலிருந்து வரும் எந்தக் கத்தியும் முதல் நாள் காகிதம் அறுக்கும். காய்ந்த குச்சியில் மெல்லிய சுருள் எடுத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 5 மி.மீ. தடிமனைக் கோடரி மாதிரி மொண்ணையாகச் சரித்து, கடைசி மயிரிழையில் மட்டும் கூர் வைத்திருந்தார்கள். மரத்தில் வைத்தால் உள்ளே இறங்காமல் மேலேயே சறுக்கிக்கொண்டு ஓடியது.

மழை விட்ட ஒரு மாலை. கூடாரம் போட்டாகிவிட்டது. பொறுக்கிய விறகெல்லாம் மேலே ஈரம், உள்ளே காய்வு. இப்படிப்பட்ட விறகைப் பிளந்தால்தான் தீ பிடிக்கும். மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கத்தியை வைத்து, இன்னொரு கட்டையால் கத்தியின் முதுகில் தட்டினேன். வெளியில் தங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். விற்றவர் போட்டிருந்த காணொளியிலேயே இதைத்தான் செய்து காட்டியிருந்தார்கள். அது பின்னால் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு தட்டு. முதுகிலிருந்த ரம்பப் பற்கள் தட்டுகிற கட்டையைக் கடித்துக் கடித்துத் தும்பாக்கின. ஐந்தாவது தட்டில் சத்தம் மாறியது. கட்டை பிளக்கும் சத்தம் இல்லை, ஓடு உடையும் சத்தம். அலகு விறகிலேயே நின்றது. பிடி மட்டும் என் கையோடு கீழே போயிற்று. போன வேகத்தில் பிடியின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த முறிந்த கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. உடன் வந்திருந்த நண்பன் என்னைவிட இளையவன், பதற்றமே இல்லாதவன். “அண்ணா, கத்தியை விடுங்கள், கையைக் காட்டுங்கள் முதலில்” என்றான். நான் அப்போதும் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, தையல் ஆறும்வரை பொறுத்திருந்து, பிடியை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். கத்தியின் அலகு பிடிக்குள் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதுதான் அதன் உயிர். அந்த நீட்சியை வால் என்று வைத்துக்கொள்வோம். பிடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் வால் ஒரே இரும்பாகப் போனால் அது முழு வால். விற்றவர் ‘முழு நீள இரும்பு’ என்று சொன்னது இதைத்தான். என் கத்தியில் அலகு, பிடி தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிட்டது. அதன் அடியில் பென்சிலைவிட மெல்லிய ஒரு கம்பியை வெல்டிங் பொட்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். அதுவும் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. முறிந்தது அந்தப் பொட்டில்தான். பாதி முறிவு பளபளவென்றும் பாதி கறுத்தும் இருந்தது. கறுத்திருந்த பாதியில் வெல்டிங் முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்று எங்கள் பக்கத்து லேத் பட்டறைக்காரர் பார்த்தவுடன் சொன்னார். அதற்குக் கீழே நடுவில் வெறும் பொந்து. பொந்தில் மஞ்சளாக உறைந்த பசை, பசையில் ஒரு துண்டு உடைந்து தனியே உருண்டுகொண்டிருந்தது. நான் முதல் நாள் கேட்ட ‘டிக்’ அதுதான்.

அடியிலிருந்த அந்த இரும்புக் குமிழ்? தனித் துண்டு. பசையில் செருகியது. மேலே அலகு தெரிகிறது, கீழே இரும்பு தெரிகிறது, நடுவில் இருப்பதும் இரும்பாகத்தான் இருக்கும் என்று வாங்குகிறவன் தானாகவே கோடு போட்டுக்கொள்வான் என்பது கணக்கு. நானும் போட்டுக்கொண்டேன். இதைச் செய்தவரின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. அதில் பாதியை வெல்டிங்கில் காட்டியிருந்தால் என் கை தப்பியிருக்கும்.

கோபத்தில் மிச்சத்தையும் சோதித்தேன். டமாஸ்கஸ் வரி மேல் உப்புத்தாள் வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தேன். வரி போயே போய்விட்டது. அடுக்கு அடுக்காக எஃகை அடித்துச் சேர்த்த கத்தியில் வரி உள்ளே முழுக்க ஓடும். தேய்த்துவிட்டு அமிலத்தில் தோய்த்தால் திரும்ப எழும். இதில் இருந்தது அச்சு. பிறகு புது அரம் ஒன்றை எடுத்து அலகின் ஓரத்தில் இழுத்தேன். சரியாகத் தோய்ச்சல் போட்ட, அதாவது பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய கத்தியில் அரம் வழுக்கும், அல்லது பெரும்பாடு பட்டுத்தான் கடிக்கும். இதில் மெழுகை வழிப்பதுபோல் துகள் கொட்டியது.

ராக்வெல் 62 என்பது எவ்வளவு பெரிய பொய் என்று அந்தத் துகளே சொல்லிவிட்டது. ராக்வெல் என்பது கடினத்தை அளக்கும் எண். வெளிவேலைக்கான நல்ல கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 60 வரை இருக்கும். அதற்குக் கீழே போனால் கூர்வாய் மடங்கும், மழுங்கும். மிகவும் மேலே போனால், எஃகும் தோய்ச்சலும் அதற்கு ஏற்றவையாக இல்லாதபோது, விறகு பிளக்கும்போது கூர்வாய் சில்லு சில்லாக உதிரும். ‘440’ என்பதும் அப்படித்தான். 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு. ஏ வகையில் கரிமம் 0.60 முதல் 0.75 சதவீதம், சி வகையில் 0.95 முதல் 1.20 வரை. எழுத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவர், சொல்ல விரும்பாத ஒன்றை வைத்திருக்கிறார். சில மலிவுக் கத்திகளில் 3சிஆர்13 என்று எழுதியிருப்பார்கள், சுமார் 0.3 சதவீதக் கரிமமும் 13 சதவீதக் குரோமியமும் உள்ள எஃகு அது. துருப்பிடிப்பது குறைவு, ஆனால் கூர் நிற்காது. என்னுடையதில் அதுவாவது இருந்ததா என்று சொல்ல என்னிடம் வழியில்லை. ‘அறுவைச் சிகிச்சைத் தரம்’ என்ற பெயரில் தனியாக ஓர் எஃகே கிடையாது. விளம்பரத்தில் மட்டும் உண்டு.

இனி விற்றவரின் கதை. படங்களோடு எழுதினேன். முதல் பதில்: “கத்தியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அடிப்பதற்கு உகந்ததல்ல.” அவர்களுடைய காணொளியின் இணைப்பை அனுப்பினேன். இரண்டாவது பதில் நான்கு நாள் கழித்து: “கூரான பொருளைத் திருப்பி அனுப்ப கூரியர் நிறுவனங்கள் ஒத்துக்கொள்வதில்லை, ஆகவே திரும்பப் பெற இயலாது.” கூரான பொருளை எனக்கு அனுப்பியது எந்தக் கூரியராம்? மூன்றாவது பதிலில் குரல் குழைந்தது. நான் போட்டிருந்த ஒற்றை நட்சத்திரக் கருத்தை நீக்கினால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அப்போதுதான் அந்த ஐந்து நட்சத்திரங்கள் எப்படி வரிசைகட்டி நின்றன என்பது எனக்கு விளங்கியது. நீக்கவில்லை. பணமும் வரவில்லை. காணொளி மட்டும் மறுநாள் காணாமல் போயிற்று. நீங்கள் வாங்குகிற எதற்கும் விளக்கப் பக்கத்தையும் காணொளியையும் வாங்கிய அன்றே படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கவில்லை, விற்பனைத் தளத்தில் என் புகார் அதனால்தான் நிற்கவில்லை.

என் நண்பனிடம் இருப்பது சுவீடனின் மோரா ஊர்க் கத்தி. மோராக்னிவ் நிறுவனத்தின் வேர் 1891இல் அங்கே தொடங்கிய கத்திப் பட்டறை. பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை, 10 செ.மீ. சொச்சம் அலகு, 2.5 மி.மீ. தடிமன். பொம்மைபோல் இருக்கிறது என்று நான் கிண்டல் செய்த கத்தி. நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அதே கட்டையிலிருந்து என் அலகைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதன் பிளவிலேயே தன் கத்தியை வைத்துப் பிளந்து, சுருள் சுருளாகச் சீவித் தீ மூட்டினான். வேடிக்கை என்னவென்றால் அதிலும் முழு வால் இல்லை. பிடியின் பாதிக்கு மேல் போய் இடையிலேயே நின்றுவிடுகிற வால்தான். ஆனால் அலகும் வாலும் ஒரே இரும்பு, அதைச் சுற்றிப் பிடியை இறுக்கி வார்த்திருக்கிறார்கள். மணிக்கட்டுக்கு மேல் பருமனான கட்டைகளை அவன் அதில் தட்டுவதில்லை. அப்படித் தட்டுவதற்கென்றே அதே நிறுவனம் கார்பெர்க் என்று 3.2 மி.மீ. தடிமனில் முழு வால் கத்தி செய்கிறது, விலை கூடுதல்.

ஆகவே ‘முழு வால் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பிடி போடுவதற்கு முந்தைய வெறும் அலகின் படம் கேளுங்கள். பிடியின் விளிம்பு முழுக்க இரும்பு ஓடுவது வெளியிலேயே தெரிகிற கத்தி என்றால் இந்தத் தலைவலியே இல்லை. எஃகின் முழுப்பெயரைக் கேளுங்கள், எழுத்தோடு. 10 முதல் 12 செ.மீ. அலகு எல்லா வேலைக்கும் போதும். ரம்பப் பல் வைத்த முதுகு வேண்டாம்; விறகில் தட்டவும் உதவாது, தீப்பொறிக் கம்பியை உரசவும் உதவாது. உரசுவதற்குத் தேவை, செங்கோணமாக விளிம்பு வைத்த சாதாரண முதுகு. அப்புறம் கத்தியை உறைக்குள் செருகி, உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறி, கத்தி விழாமல் நிற்கிறதா என்று பாருங்கள், கீழே கால் இல்லாதபடி.

போன வாரம் சும்மா தேடிப் பார்த்தேன். என் கத்தி வேறு பெயரில், வேறு விற்பனையாளரிடம், புதுப்பிடி நிறத்தோடு வந்திருக்கிறது. டமாஸ்கஸ் வரியை எடுத்துவிட்டுக் கறுப்புப் பூச்சு பூசியிருக்கிறார்கள். ரம்பப் பற்களில் மூன்றாவது மட்டும் சற்றே சாய்ந்திருக்கும், என்னுடையதிலும் அப்படித்தான். அடியில் அதே இரும்புக் குமிழ். பாராட்டுகள் அதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டன. பெட்டி நன்றாக இருக்கிறதாம்.