பழுதான டேப்புக்குப் பதில் புதுசு: அமாண்டாவில் அதே லேபிளை மறுபடி வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். பல வருஷமாக எல்டிஓ டேப்புகளில் (கணினித் தரவைச் சேமிக்கும் காந்த நாடாக்கள்) அமாண்டா என்ற பேக்கப் மென்பொருளை ஓட்டிவருகிறேன். ஒரு டேப் போனால், அந்த இடத்துக்கு வரும் புது டேப்புக்குப் பழைய பெயரையே, அதாவது லேபிளையே, இடுகிறேன். எண்கள் விடுபடாமல் இருப்பதால், அலமாரியைத் திறந்ததுமே எந்த டேப் காணோம் என்று தெரிந்துவிடுகிறது.

முதலில் போனது டேப்தானா என்று பாருங்கள். வெவ்வேறு டேப்புகளில் எழுதும்போது பிழை வந்தால் டிரைவின் ஹெட்டைத்தான் (டேப்பைப் படித்து எழுதும் பகுதி) சந்தேகப்பட வேண்டும். கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அப்புறம், அவசரப்பட்டு ஏஎம்ஆர்எம்டேப் (amrmtape, டேப்பை நீக்கும் அமாண்டா கட்டளை) கொடுக்காதீர்கள். அது அமாண்டாவின் டேப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதோடு, அந்த டேப்பில் என்னென்ன இருந்தன என்ற பதிவையும் சேர்த்து அழித்துவிடும். நடுவில் பிழை வந்த டேப்பிலும், அந்த இடத்துக்கு முன்னால் உள்ள பேக்கப் நகல்களை, அதாவது டம்ப்புகளைப் பெரும்பாலும் படித்துவிடலாம். அதில் ஒரு ஃபுல் டம்ப் (முழு நகல்) இருந்தால், பின்னால் வந்த இன்கிரிமென்டல்கள் (மாறியதை மட்டும் எடுத்த நகல்கள்) எல்லாம் அதை நம்பித்தான் நிற்கும். அதனால் நான் முதலில் ஏஎம்அட்மின் (amadmin) கட்டளை வழியாக நோ-ரீயூஸ் (மறுபடி எழுத வேண்டாம்) என்று குறித்துவிடுவேன். டேப் சுழற்சியிலிருந்து விலகும், பதிவு அப்படியே இருக்கும். புது ஃபுல் டம்ப் வேறு நல்ல டேப்பில் ஏறிய பிறகுதான் ஏஎம்ஆர்எம்டேப், அடுத்து புது டேப்புக்கு ஏஎம்லேபிள் (amlabel, டேப்பில் பெயர் எழுதும் கட்டளை).

புதிதாக லேபிள் இட்ட டேப்புக்குப் பட்டியலில் தேதி 0 என்று விழும். அமாண்டா எண் வரிசையைப் பார்ப்பதில்லை. கடைசியாக எழுதிய தேதியைத்தான் பார்க்கிறது. ஆகவே 7-ஆம் டேப் 12-க்கு அப்புறம் வரலாம். பதற வேண்டாம், அதில் ஒரு கெடுதலும் இல்லை.

உண்மையான ஆபத்து பழைய டேப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் எழுதப்பட்ட தலைப்பிலும் அதே பெயர் இருக்கிறது. பார்கோடு படிக்கும் சேஞ்சர் (டேப்பைத் தானே மாற்றும் கருவி) இல்லாத ஒற்றை டிரைவில் யாராவது அதை மாற்றிப் போட்டுவிட்டால், பெயர் பொருந்துகிறது என்று அமாண்டா அதிலேயே எழுதப் பார்க்கும். சந்தேகம் வந்தால் ரிவைண்ட் செய்து, டிடி (dd) என்ற கட்டளை கொண்டு முதல் 32 கேபியைப் படித்துப் பாருங்கள். இன்னும் எழுதப்படாத புது டேப்பில் தேதி இருக்கும் இடத்தில் எக்ஸ் என்று இருக்கும். பழையதில் கடைசியாக எழுதிய தேதி இருக்கும்.

பழையது இனி வேண்டாம் என்றானதும் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு டீகாஸ் (வலுவான காந்தத்தால் அழித்தல்) செய்துவிடுகிறேன். எல்டிஓவில் அது டிரைவின் ஹெட்டுக்கு வழிகாட்டும் சர்வோ தடங்களையும் அழித்துவிடும். பிறகு எந்த டிரைவும் அந்த டேப்பை ஏற்காது.