தேர் படம் பாதிக்கு மேல் போச்சு, மெமரி கார்டு வாங்குகிறவர்கள் கவனம்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கேமராவின் பழைய மெமரி கார்டு மக்கர் பண்ணியது. அவசரத்தில் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் 128 ஜிபி எஸ்டி கார்டு வாங்கினேன். மற்ற இடங்களில் கேட்ட விலையில் பாதிதான். அங்கேயே உறைத்திருக்க வேண்டும். "ஒரிஜினல்தான் அண்ணாச்சி, பில்லு போட்டா வெல கூடிரும், வேண்டாம்லா" என்றார் கடைக்காரர், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன், அது என் மடத்தனம்.

கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் 119 ஜிபி காட்டியது. அதில் தப்பில்லை, 128 ஜிபி கார்டு விண்டோஸ் கணக்கில் அவ்வளவுதான் வரும். மறுநாள் காலையிலேயே ரத வீதியில் போய் நின்று, வடம் பிடித்ததிலிருந்து சாமி தேர் ஆடி அசைந்து திரும்புகிற வரை வெயிலில் வெந்து 900 படத்துக்கு மேல் எடுத்தேன். எல்லாம் ரா ஃபைல், அதாவது கேமரா பிடித்ததை அப்படியே பதிகிற பெரிய ஃபைல், ஒன்று 25 எம்பி. எடுத்ததும் திரையில் படம் வந்து போகிறது, யாருக்குச் சந்தேகம் வரும்?

வீட்டில் வந்து பார்த்தால் முதல் 300 சொச்சம் படம் சரி. அப்புறம் பாதிப் படம், கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்கப்புறம் ஒன்றும் திறக்கவே இல்லை.

உள்ளே இருந்தது 8 ஜிபிதான். 128 என்று பொய் சொல்லும்படி கார்டின் கன்ட்ரோலரை, அதாவது கார்டை இயக்கும் சிப்பை, மாற்றி வைத்திருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் கேமரா எழுதிக்கொண்டே போகும், ஆனால் எதுவும் பதியாது. ஃபார்மட் செய்தாலும் அதே 119தான் காட்டும், ரெக்கவரி சாஃப்ட்வேரும் பதியாததை எங்கிருந்து எடுக்கும்?

கடைக்குப் போனால், "கேமரால கோளாறா இருக்கும், வேற கார்டு வேணா தாரேன்" என்கிறார். அதே டப்பாவிலிருந்து இன்னொன்று! பில் இல்லாததால் மேற்கொண்டு பேச வழியில்லை.

புதுக் கார்டு வாங்கினால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள், மேக், லினக்ஸ் என்றால் எஃப்3. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். மணிக்கணக்காகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். இன்னொன்று, கார்டில் பெரிதாக அச்சடித்திருக்கும் 170, 200 எல்லாம் நொடிக்கு இத்தனை எம்பி என்று படிக்கிற வேகம், எழுதுகிற வேகம் இல்லை. 4கே வீடியோ எடுக்க வி30 குறி இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்பதற்கு அடையாளம். நான் இப்போது பில்லோடு இரண்டு 64 ஜிபி வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று போனாலும் பாதி மிஞ்சும்.

தேர் நிலைக்கு வந்த படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆனி வரை காத்திருக்க வேண்டியதுதான்.