150-இல் 180 சிலிண்டர்: ஆர்.பி.எம். வரம்பை ஏற்றுவதா, இறக்குவதா?

பல்சர் 150-இன் சிலிண்டரைக் கழற்றிவிட்டு 180-இன் சிலிண்டரையும் பிஸ்டனையும் மாட்டுவது டெல்டா பட்டறைகளுக்குப் புதிதல்ல. இரண்டு எஞ்சினுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு முறை மேலோ கீழோ போகும் தூரம், ஒன்றே, 56.4 மி.மீ. சிலிண்டரின் உள்விட்டமான போர் மட்டும் 58-இலிருந்து 63.5 மி.மீ. ஆகிறது, கொள்ளளவு 149 சி.சி.யிலிருந்து ஏறக்குறைய 178.6-க்குப் போகிறது. வேலை முடிந்து ஹெட் நட்டை இறுக்கிய கையோடு வண்டிக்காரர் கேட்பார்: “அண்ணே, லிமிட்டே இல்லாத சி.டி.ஐ. கிடைக்கிறதாமே, அதையும் போட்டுவிடலாமா?”

கேள்வி அங்கேயே தடம் மாறிவிடுகிறது. சி.டி.ஐ. என்பது ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் மின்னணுப் பெட்டி; எஞ்சின் நிமிடத்துக்கு இத்தனை சுற்றுக்கு (ஆர்.பி.எம்.) மேல் போகாமல் பொறியை வெட்டி வரம்பு கட்டுவதும் அதுவே. எஞ்சினைப் பெரிதாக்கினால் வரம்பையும் உயர்த்த வேண்டும் என்று யாரோ சொல்லி, எல்லோரும் நம்பிவிட்டார்கள். இந்த வேலையைப் பொறுத்தவரை வரம்பு இறங்கத்தான் வேண்டும். பழைய சி.டி.ஐ., வரம்பற்ற சி.டி.ஐ., வரம்பை நாமே குறிக்கும் சி.டி.ஐ., சி.டி.ஐ.யைத் தொடாமல் செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டின் பல்லை மாற்றுவது என்று நான்கு வழிகள் உண்டு. அவற்றை எடைபோடும் முன் ஒரு சின்னக் கணக்கு.

பிஸ்டனின் சராசரி வேகம் என்பது ஸ்ட்ரோக்கின் இரு மடங்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 60-ஆல் வகுப்பது. 10,000 ஆர்.பி.எம்.மில் இந்த எஞ்சினுக்கு அது வினாடிக்கு 18.8 மீட்டர். வயலில் ஃபில்டர் பாயிண்ட் குழாய்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் 110 மி.மீ. ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின், கவர்னர் பிடித்து நிறுத்தும் 1,500 ஆர்.பி.எம்.மில் 5.5 மீட்டர்தான், அதனால்தான் அது இரவு பகலாக ஓடுகிறது. 90 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட பழைய புல்லட் 350, 5,500 ஆர்.பி.எம்.மிலேயே 16.5 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. பல்சர் அந்த இடத்துக்கு வர ஏறக்குறைய 8,800 வேண்டும். சாலை வண்டிக்கு 18-லிருந்து 20 மீட்டருக்குள் நிற்பது பொதுவான பழக்கம். அதற்கு மேல் பெரும்பாலும் பந்தய எஞ்சின்களின் உலகம். அங்கே பிஸ்டனும், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் வேறு உலோகம், வேறு விலை.

ஸ்ட்ரோக் மாறாததால் இந்தக் கணக்கும் மாறாது, எனவே பழைய வரம்பே போதும் என்று இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. விட்டுப்போவது எடை. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் ராடை மேல்நோக்கி இழுக்கும் விசை, பிஸ்டனின் எடையோடு நேராகவும் ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. ராடின் நீளம் ஸ்ட்ரோக்கின் இரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 10,000-இல் 150 கிராம் எடை ஒன்று உச்சியில் ஏறக்குறைய 590 கிலோ சுமையாக ராடை இழுக்கும். அதே எடை 11,000-இல் 715 கிலோ. ஆர்.பி.எம். பத்து சதவீதம் கூடினால் சுமை இருபத்தொரு சதவீதம் கூடுகிறது.

இப்போது போரைப் பாருங்கள். 63.5 மி.மீ. பிஸ்டனின் பரப்பு பழையதைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம். எடையும் அதே அளவு கூடினால், பழைய ராடும் அழுத்திப் பொருத்திய பழைய கிராங்க் பின்னும் 10,000-இல் தாங்கிய சுமை, புதிய பிஸ்டனோடு 9,130-இலேயே வந்துவிடும். ஆகவே வாங்கிய பிஸ்டன், பின், ரிங் மூன்றையும் தராசில் வைத்துப் பழைய செட்டோடு ஒப்பிடாமல் வரம்பைப் பேசுவது வீண் பேச்சு. நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறைத் தராசு போதும்.

வரம்பற்ற சி.டி.ஐ. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லணைக்குக் கிழக்கே கடல் வரை மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஏறுவதுதான். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் ஐந்தாவது கியரில் வண்டியை நிறுத்துவது சி.டி.ஐ. அல்ல, எதிர்க்காற்று, அங்கே அந்தப் பெட்டி தருவது எதுவும் இல்லை. அதன் வேலையெல்லாம் முதல் இரண்டு மூன்று கியர்களில், ஆர்.பி.எம். முள் ஒரே பாய்ச்சலாக ஏறும் இடத்தில். கை ஆக்ஸிலேட்டரை விடுவதற்குள் எஞ்சின் தாண்டிப் போய்விடும். பழைய வால்வு ஸ்பிரிங், வால்வைத் திறக்கும் கேமைப் பின்தொடர முடியாமல், வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கத் தொடங்குவதும் அங்கேதான். அப்படி ஓடிய எஞ்சினைப் பிரித்தால் பிஸ்டன் தலையில், வால்வுக்காக வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில், பிறை வடிவில் பளபளப்பான ஒரு வடு தெரியும். வால்வு வந்து முத்தமிட்ட இடம். அதைப் பார்த்த பிறகும் அந்தப் பெட்டியை விரும்புகிறவருக்கு என்னிடம் பதில் இல்லை.

ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கிவிடலாமே என்பார்கள். ஆகும், ஆனால் கேம் மேடும், அதன் தள்ளுதலை வால்வுக்குக் கடத்தும் ராக்கரும் சீக்கிரம் தேயும். உயரம் கூடிய கேமோடு சேர்த்துப் போட்டால், முழுக்கத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பழைய சி.டி.ஐ.யை வைத்துக்கொள்வது மோசமில்லை. செலவில்லை, மழையில் நனைந்தாலும் பழுதாகாத பொருள். ஆனால் அதன் வரம்பு இலகுவான பழைய பிஸ்டனுக்காக வைக்கப்பட்டது. பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கும் அப்படியே. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு, கூடியிருந்தால் மே மாதத் திருவாரூர் வெயிலில் பெட்ரோல் தானாக வெடித்து எஞ்சின் தட்டும். பெரிய சிலிண்டரோடு கேமை மாற்றாதவர், முள்ளைப் பார்த்து 9,000-இல் கியரை மாற்றும் ஒழுக்கம் உள்ளவர் என்றால் இதுவே போதும். அந்த ஒழுக்கம் இருபது வயதுத் தம்பிகளிடம் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஸ்பிராக்கெட் வழி கேட்க அழகாக இருக்கிறது. முன்பக்கம் ஒரு பல் கூட்டினால் அதே வேகத்துக்கு ஆர்.பி.எம். குறையும், நெடுஞ்சாலையில் எஞ்சினுக்கு நிம்மதி. கீழ் கியர்களில் அது எதையும் தடுப்பதில்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், வரம்பு என்று சொல்ல முடியாது.

என் ஓட்டு வரம்பு குறிக்கும் சி.டி.ஐ.க்கு. கேமும் ஸ்பிரிங்கும் பழையவையாக இருந்தால் 9,300-இல் வைப்பேன், வினாடிக்கு 17.5 மீட்டர். தராசில் பிஸ்டன் நிஜமாகவே 20 சதவீதம் கூடியிருந்தால் இன்னும் 200 குறைப்பேன். பல்சர் 180-க்குத் தயாரிப்பாளர் சொன்ன உச்ச சக்தி 8,500-இல்; அதற்கு மேல் எண்ணூறு ஆர்.பி.எம். இருந்தால் அடுத்த கியர் விழும்போது எஞ்சின் மீண்டும் இழுக்கும் இடத்திலேயே வந்து நிற்கும். 10,500 வரை ஓட்டினால் ஓசை கூடும், இழுவை கூடாது. கேமை மாற்றியவர்கள் 8,500-இல் தொடங்கி 250, 250-ஆக ஏற்றி, இழுவை தளரும் புள்ளியைக் கண்டுபிடித்து அதற்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும் ஊரில் இந்தச் சோதனை வேண்டாம். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ இருக்கும் பட்டறைக்கோ, கோவை செட்டிபாளையம், சென்னை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடங்களுக்கோ போவது நல்லது. பதிவுச் சான்றில் உள்ள எஞ்சினை இப்படி மாற்றிச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவோடு மோதும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சி.டி.ஐ. தீப்பொறியைத்தான் வெட்டும். கார்புரேட்டர் வண்டியில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடிக்கும், எனவே வரம்பில் தட்டிக்கொண்டே ஓட்டக்கூடாது. ஒரேயடியாக வெட்டாமல், சில பொறிகளை மட்டும் விட்டுவிடும் மென்மையான வெட்டு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். செயினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடி குறையும்.

எந்தப் பெட்டியாலும் தடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. நான்காவது கியரில் வேகமாகப் போகும்போது தவறி இரண்டாவதில் விழுந்தால், எஞ்சினைச் சுழற்றுவது பின்சக்கரம். பொறி நின்றாலும் முள் 11,000-ஐத் தாண்டும். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால், ஸ்டார்ட் ஆகிறதே என்று ஓட்டிக்கொண்டிருக்காமல், வால்வு கிளியரன்ஸையும் கம்ப்ரெஷனையும் அளந்து பார்த்துவிட்டு எடுங்கள்.