பைத்தனோட சும்மா வாற ஜேசன், சிஎஸ்வி, பிக்கிள்: புறக்கோட்டை கணக்குப்பிள்ளைட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறன், நான் சொஃப்ட்வெயார் ஆள் இல்ல. புறக்கோட்டையில ஒரு ஹோல்சேல் கடையில கணக்கு பாக்குறன், வீடு வெள்ளவத்த, 100 பஸ்ஸில போய் வாற நேரம் யூடியூப் பாத்துப் பாத்து பைத்தன் எண்ட புரோகிராம் எழுதுற மொழி கொஞ்சம் பிடிபட்டுது, அவ்வளவு தான். போன மாசம் கடையில பழைய பில்லிங் சிஸ்டத்த விட்டுட்டு புதுசுக்கு மாறேக்க 4 ஆயிரத்துச் சொச்சம் கஸ்டமர்மாரிட பேர், போன், ஐசி (அடையாள அட்டை) நம்பர், கடன் பாக்கி எல்லாத்தையும் பழையதுல இருந்து சிஎஸ்வியா (கொமா போட்டுப் பிரிச்ச லிஸ்ட்) எடுத்து புதுசுக்கு ஜேசனா (புரோகிராம்கள் ஒண்டுக்கொண்டு டேட்டா குடுக்குற எழுத்து வடிவம்) குடுக்க வேண்டி வந்துது. புது சிஸ்டம் போட வந்த ஆக்கள் அந்த மாத்துற வேலைக்கு தனியா ஒரு தொகை கேட்டாங்க, முதலாளி என்னத் திரும்பிப் பாத்தார், நானும் வாய வச்சுக்கொண்டு சும்மா இருக்காம "நான் செய்யுறன்" எண்டுட்டன்.

அப்ப இது மூண்டு கிழமை பாவிச்சுட்டு எழுதுறது. ஜேசன், சிஎஸ்வி, பிக்கிள் மூண்டும் பைத்தன போட்டாலே உள்ளுக்க இருக்குற மொடியூல் (ரெடிமேட் புரோகிராம் துண்டு) தான், தனியா ஒண்டும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்ல, காசும் இல்ல.

ஜேசன் மொடியூல் 2008 இல, பைத்தன் 2.6 வந்த நேரத்துல இருந்து உள்ளுக்கயே இருக்கு. பழகுறது லேசு. டம்ப்ஸ் எண்டா டேட்டா எழுத்தாகி வெளிய வரும், லோட்ஸ் எண்டா எழுத்து திரும்ப டேட்டாவாகும், கடைசி எஸ்ஸ விட்டுட்டு டம்ப், லோட் எண்டு அடிச்சா நேர ஃபைலுக்கு. முதல் நாளே ஓட்டி முடிச்சுட்டன், பெருமையா நோட்பேட்ல திறந்து முதலாளிக்கு காட்டினன், பேர் இருக்க வேண்டிய இடமெல்லாம் பேக்ஸ்லாஷ் யூ 0பி9ஏ, பேக்ஸ்லாஷ் யூ 0பிசி6 எண்டு பக்கம் பக்கமா போகுது. "தம்பி, இதென்ன வைரஸ் புடிச்சிட்டா?"

வைரஸும் இல்ல, டேட்டா பழுதாகவும் இல்ல. இந்த ஜேசன் மொடியூல்காரர் இங்கிலிஷ் அல்லாத எழுத்த எல்லாம் நம்பராக்கித் தான் எழுதுவார், அது தான் அவர்ட டிஃபோல்ட், ஜேசன் வாசிக்கத் தெரிஞ்ச எந்த புரோகிராம் திறந்தாலும் திரும்ப தமிழ் தான் வரும். ஆனா மனுசன் வாசிக்க ஏலாது, ஃபைலும் ஊதிப் போகும். செந்தில்குமார் எண்ட பேர் யூடிஎஃப் 8 எண்ட வழமையான எழுத்து முறையில 42 பைட், இப்பிடி எழுதினா 84. என்ஷூர்_ஆஸ்கி எண்ட செட்டிங்க ஃபோல்ஸ் ஆக்கினா சரி. அத ஆக்கிப் போட்டு ஃபைல திறக்கேக்க என்கோடிங் யூடிஎஃப் 8 எண்டு சொல்ல மறந்தா விண்டோஸ்ல சார்மப் எரர் எண்டு இன்னொரு அடி விழும், அதையும் வாங்கினன்.

அடுத்தது இன்னும் மோசம், ஏனெண்டா எரரே வராது. கஸ்டமர் நம்பர் 101, 102 எண்டு கீயா (தேடுற சொல்லா) வச்சு டிக்ஷனரி ஒண்டு (ஒவ்வொரு கீக்கும் ஒராள்ட விபரம்) செஞ்சு சேவ் பண்ணினன், திரும்ப லோட் பண்ணினா கீ எல்லாம் எழுத்தா வருது, 101 எண்ட நம்பர தேடினா அப்பிடி ஒரு ஆளே இல்ல எண்டுது. ஜேசன்ல கீ எண்டா எழுத்து மட்டும் தான் எண்டுறது சட்டம், சரி, ஆனா மாத்திட்டன் எண்டு ஒரு வார்த்த சொல்லலாமே. அர நாள் போச்சு. திகதிக்கு மட்டும் ஆள் நேர்மை, டேட்டைம் எண்ட பைத்தன்ட திகதிய குடுத்தா எனக்கு ஏலாது எண்டு எரர் அடிச்சு நிப்பார், ஐசோஃபோர்மட் போட்டு எழுத்தாக்கிக் குடுத்தன். கடன் பாக்கிய டெசிமலா வச்சு எழுத்தா மாத்தி அனுப்பினன், பைத்தன்ட சாதாரண தசம நம்பரான ஃப்ளோட்ட நம்பி காசுக்கணக்கு பாக்க எனக்கு பயம், 0.1ஓட 0.2 கூட்டினா 0.30000000000000004 எண்டு சொல்லுற சாமான் அது. ஜேசனுக்கு 5க்கு 4.

சிஎஸ்வி மொடியூல் இதுகள்ல நல்ல பிள்ளை. குடுத்தத குடுத்த மாதிரியே எழுத்தா தரும், தன்ட புத்திய காட்டாது. புத்திய காட்டுறது எக்செல். 077 எண்டு துவங்குற போன் நம்பர எக்செல்ல திறந்தா முன்னால உள்ள சைபர் காணாமப் போகும், இது எல்லாரும் பட்டது தான். ஐசி நம்பர் கதை அதை விட பெரிசு. பழைய ஐசில கடைசியில வி எண்ட எழுத்து இருக்குறதால அது தப்பிடும், புது ஐசி 12 இலக்கம், வெறும் நம்பர், எக்செல் சாதாரணமா 11 இலக்கம் வரைக்கும் தான் முழுசா காட்டும். 12ஆவது வந்த உடன 1.99இ+11 எண்டு சுருக்கிடும். சுருக்கிக் காட்டினா பரவாயில்ல, அப்பிடியே சிஎஸ்வியா சேவ் பண்ணினா சுருங்கினது தான் ஃபைலுக்க போகும், மிச்ச இலக்கம் போனது போனது தான். புது ஐசி பிறந்த வருசத்தில துவங்குறதால ஒரே காலத்துல பிறந்த கஸ்டமர்மார் கன பேர் எங்கட லிஸ்ட்ல ஒரே ஆளாகிட்டாங்க. கடைப் பொடியன் ஒராள் "சும்மா திறந்து பாத்து சேவ் பண்ணினன்" எண்டான், அவன ஏசி என்ன செய்ய. ஒரிஜினல் ஃபைல் கையில இருந்ததால தப்பினம். பாண்டாஸ் (பைத்தன்ல டேபிள் டேட்டா பாக்குற தனி சாமான்) பாவிக்கிற ஆக்களுக்கும் சொல்லுறன், அதுவும் சைபர தின்னும், ரீட் பண்ணேக்க டிடைப்ப எஸ்டிஆர் (எல்லாம் எழுத்து) எண்டு குடுங்கோ.

எக்செல்ல தமிழ் குப்பையா தெரிஞ்சா எழுதேக்க யூடிஎஃப் 8 சிக் எண்டு போடுங்கோ. சிஎஸ்விக்கு 5க்கு நாலரை.

இனி என்ன உண்மையா அலைக்கழிச்ச விசயம். ஏரியா வாரியா எத்தின கஸ்டமர் எண்டு பைத்தன்ல எண்ணித் தாற கவுண்டர வச்சு எண்ணினன், அருமையான சாமான் அது, ஒரே வரியில விடை வந்துது. ஆனா கொட்டாஞ்சேனை ரெண்டு தரம் வந்திருக்கு, 212 ஒண்டு, 61 ஒண்டு. ஸ்பெல்லிங் பிழையாக்கும் எண்டு பாத்தா எழுத்துக்கு எழுத்து ஒண்டு தான், கண்ணாடிய கழட்டித் துடைச்சுட்டும் பாத்தன். விசயம் என்னெண்டா 'கொ' வுக்கு உள்ள அந்த 'ொ' வ யூனிகோட்ல (ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் நம்பர் வைக்கிற முறை) ஒரே குறியாவும் அடிக்கலாம், கொம்பு தனியா அரவு தனியா ரெண்டு குறியாவும் அடிக்கலாம், கண்ணுக்கு ஒண்டு, கொம்பியூட்டருக்கு ரெண்டு. யூனிகோட்டேட்டா மொடியூல்ல நோர்மலைஸ் எண்டு இருக்கு, என்எஃப்சி எண்டு குடுத்தா ரெண்டையும் ஒண்டாக்கும். 273 ஆச்சுது.

பேர வெட்டுறதும் அப்பிடித் தான். செந்தில்குமார் எங்களுக்கு 7 எழுத்து, பைத்தன கேட்டா 14 எண்டும், ஏனெண்டா கொம்பு, விசிறி, புள்ளி எல்லாத்தையும் அது தனித்தனியா எண்ணுது. பில்லில இடம் காணாது எண்டு நான் 20இல வெட்ட, முன்னால ரெண்டு இனிஷியல் வச்சிருந்த ஒரு செந்தில்குமாருக்கு கடைசிப் புள்ளி பறந்து 'செந்தில்குமார' எண்டு பில் போயிருக்கு. ஆள் போன் எடுத்து "என்ன தம்பி, என்ன சிங்களவனாக்கிட்டீங்களோ" எண்டு சிரிச்சார், நல்ல வேளை சிரிச்சார். ரீஜெக்ஸ் எண்டு தனியா இன்ஸ்டோல் பண்ணுற ஒண்டு இருக்கு, அதுல பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் போட்டா எழுத்து எழுத்தா பிரிச்சுத் தரும், அத வச்சு வெட்டினன்.

பிக்கிள் பெருசா எழுத ஒண்டுமில்ல. பேருக்கேத்த மாதிரி அச்சாறு, டேட்டாவ அப்பிடியே பரணியில போட்டு மூடி வச்சு பிறகு எடுக்கலாம், திகதி திகதியாவே இருக்கும், 101 நம்பராவே இருக்கும், அந்த சுகம் ஜேசன்ல இல்ல. ஆனா பைத்தனத் தவிர வேற ஒருத்தரும் வாசிக்கிறது கஷ்டம், அதோட பிக்கிள் ஃபைல திறக்கிறது எண்டா அதுக்குள்ள ஒளிச்சு வச்ச புரோகிராம் ஓடவும் வழி விடுறது, பைத்தன்ட சொந்த டொக்கியூமென்டேஷனே சிவப்புக் கட்டம் கட்டி நம்பிக்கை இல்லாத ஆள்ட ஃபைல திறக்காதீங்க எண்டு சொல்லுது. காலிமுகத்திடல்ல விக்கிற அச்சாற நான் யோசிக்காம சாப்பிடுவன், வாட்ஸ்அப்ல வாற இந்த அச்சாற தொடமாட்டன். 5க்கு 2.

இப்ப முதலாளி பரண்ல இருந்து ஒரு பழைய கொம்பியூட்டர இறக்கியிருக்கார், அதுல கடன் லிஸ்ட் முழுக்க யூனிகோட் இல்லாத பழைய பாமினி ஃபொன்ட்ல. பைத்தனுக்கு அது தமிழே இல்ல, 'தமிழ்' எண்ட சொல் ஜே கே பி ஓ செமிகோலன் எண்டு இங்கிலிஷ் எழுத்தா கிடக்கு, ஒவ்வொண்டுக்கும் நான் தான் மப்பிங் எழுதோணும், கொம்பு வேற எழுத்துக்கு முன்னால நிக்குது, அத பின்னால தள்ளோணும். சனிக்கிழமை துவங்கினன், இன்னும் கொம்புல தான் நிக்கிறன்.