ரத்தத்தைக் கழுவி முடக்குவாதத்தை எடுப்பதாகச் சொன்னால் காசைக் கட்டாதீர்கள்

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் யார் வீட்டிலாவது முடக்குவாதக்காரர் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ரூமட்டொயிட் ஆத்ரைட்டிஸ் நோயாளி) இருந்தால் இதை வாசித்துவிட்டு அவர்களிடமும் சொல்லுங்கள். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை என்று சொல்லி ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் எங்கள் அம்மாவிடம் நாலரை லட்சம் ரூபாய் வாங்கிவிட்டார்கள். கொழுந்தெடுத்தே காலம் போனவருக்குக் கடைசியில் கைக்கு வந்த ஈபிஎஃப் காசு அது. போதாததற்குத் தங்கச்சியின் தோடும் அடகில் கிடக்கிறது.

காலையில் அம்மாவுக்கு விரல் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவார். அரசாங்க கிளினிக்கில் வாரத்துக்கு ஒருநாள் போடும், இந்த நோயை அடக்கும் மருந்தான மெதோட்ரெக்சேட்டும் கூடவே போலிக் அசிட்டும் கொடுத்து வந்தார்கள். முழுக்கச் சுகமில்லைதான். ஆனால் சமைப்பார், துணி துவைப்பார், கோயில் வரைக்கும் நடப்பார். விடியமுன் பஸ் பிடித்துப்போய் கிளினிக் வரிசையில் நிற்பதுதான் அவருக்குச் சலித்துப் போயிருந்தது. அந்தச் சலிப்பை இந்தத் தனியார் நிலையத்துக்காரர்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். "ரத்தத்தில் அழற்சி ஊறிப்போயிருக்கிறது, மூன்று தடவை கழுவி எடுத்தால் மாத்திரையே வேண்டாம்" என்றார்கள். மெதோட்ரெக்சேட் ஈரலைக் கெடுக்கும், இன்றோடு விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார்கள். இந்த ஒரு சொல்லை என்னால் மன்னிக்கவே முடியாது.

மெஷின் உண்மையான மெஷின்தான். ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலுள்ள நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து வீசிவிட்டு, பதிலாக அல்புமின் என்ற புரதக் கரைசலைச் சேர்த்து அணுக்களைத் திரும்ப உடம்புக்குள் விடுவார்கள். பிரித்த பிளாஸ்மா பையில் மஞ்சளாக நிறைந்ததும் அங்கிருந்தவர் அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்க அம்மா, இவ்வளவு அழுக்கு உங்க உடம்புல இருந்திருக்கு" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிளாஸ்மா என்றாலே மஞ்சள்தான். நோயே இல்லாத ஒருவரிடம் எடுத்தாலும் அதே நிறத்தில்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு உதட்டைச் சுற்றி எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது. அப்புறம் விரல்கள் தானாக உள்ளுக்கு இழுத்துக்கொண்டன. நச்சு வெளியேறும் அறிகுறி, பயப்படாதீர்கள் என்றார்கள். அது நச்சே இல்லை. மெஷினுக்குள் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், ரத்தத்திலுள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. ஒழுங்கான இடமென்றால் உடனே வேகத்தைக் குறைத்துக் கல்சியம் கொடுத்திருப்பார்கள். பிரஷரும் மளமளவென்று இறங்கியது. அம்மா பிரஷருக்கு எனலாப்ரில் குடிப்பவர். அந்த வகை மாத்திரையை இந்தச் சிகிச்சைக்கு 24 மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். கிளினிக் கொப்பி அம்மாவின் பையிலேயே இருந்தது. அதை விரித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

முதல் தடவைக்குப் பிறகு வலி குறைந்தது உண்மை. ஈஎஸ்ஆர் என்ற, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை ரிப்போர்ட்டையும் காட்டி, எவ்வளவு இறங்கியிருக்கிறது பாருங்கள் என்றார்கள். மூன்றும் முடிந்து சில வாரம் போனதும் இரண்டு முழங்காலும் வீங்கி, அம்மா கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் போய்விட்டது. அவர்கள் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட்டைப் பழைய கிளினிக்குக்கே கொண்டுபோனோம். அதில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒவ்வொரு தடவையும் மெதில்பிரெட்னிசோலோன் ஊசி. அது ஸ்டீரொய்ட். வலியைக் குறைத்தது அந்த ஊசிதான் என்று கிளினிக் டொக்டர் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா போடக்கூடிய ஊசி. ஈஎஸ்ஆர் கதையும் இப்படித்தான். அந்த எண்ணை ஏற்றுவதில் பெரிய பங்கு பிளாஸ்மாவிலுள்ள பைப்ரினோஜன் என்ற புரதத்துக்கு. பிளாஸ்மாவையே எடுத்து வீசினால் எண் இறங்காமல் என்ன செய்யும்? மூட்டுக்குள் வீக்கம் அப்படியேதான் இருக்கும்.

இந்தச் சிகிச்சையே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கியான்-பாரே என்ற நரம்பு நோயில் கைகால் விழுந்தவர்களையும், மயஸ்தீனியா என்ற தசை பலவீன நோயில் மூச்சுத் திணறுகிறவர்களையும் இது காப்பாற்றுகிறது. அப்படி வேண்டியவர்களுக்குப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசில்லாமல் செய்கிறார்கள். முடக்குவாதத்துக்கு 1983லேயே சோதித்துப் பார்த்து, நோயாளிக்குப் பலனில்லை என்று எழுதிவிட்டார்கள். டொக்டர் விளக்கிய காரணமும் எனக்குப் புரிந்தது. ஒரு தடவை மாற்றினால் ரத்தத்திலிருக்கும் எதிர்ப்புப் புரதத்தில் (அன்டிபொடி; இந்த நோயில் அது உடம்பையே தாக்குகிறது) 60 வீதமளவு போகும். ஆனால் உடம்பிலுள்ள அந்தப் புரதத்தில் பாதிக்கு மேல் ரத்தத்துக்கு வெளியே, தசையிலும் திசுக்களிலும் இருக்கிறது. அது மறுபடி ரத்தத்துக்குள் ஊறி வரும். அதை உண்டாக்கும் அணுக்களையும் மெஷின் தொடுவதில்லை, மருந்துதான் அடக்க வேண்டும். அந்த மருந்தைத்தான் இவர்கள் நிறுத்தச் சொன்னார்கள்.

அம்மா இப்போது திரும்பவும் மெதோட்ரெக்சேட் எடுக்கிறார். அது வேலை செய்யத் தொடங்க வாரக்கணக்காகும். அதுவரை தங்கச்சிதான் சோறு ஊட்டுகிறாள்.

நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையிடம் எழுத்தில் முறையிடலாம். சிகிச்சை செய்தவர் பதிவுபெற்ற டொக்டரா என்பதை இலங்கை மருத்துவச் சபையிடம் கேட்கலாம். நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் காசு கட்டியிருந்தால் பற்றுச்சீட்டையும் டயக்னோசிஸ் கார்ட்டையும் பத்திரமாக வையுங்கள், மூலப் பிரதியை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். எங்களிடம் "பைலில் வைக்க வேண்டும்" என்று திரும்பக் கேட்டார்கள். தங்கச்சி கொடுக்கவில்லை. அந்தக் கார்ட் கையிலிருந்ததால்தான் முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள்.