பைட்டர் ஜோடிக்கு முன்னால் புழுவை விற்ற கடை

வீட்டில் பைட்டர் மீனை (பெட்டா எனப்படும் சண்டை மீன்) குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஜோடியைத்தான் தேடுகிறார்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் சென்னை கொளத்தூரில், வண்ணமீன் கடைகள் நெருக்கமாக இருக்கும் தெருக்களில் ஒன்றில் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிறிய கடைக்குச் சென்றேன். நீல நிற ஆண் மீன் ஒன்றைக் காட்டி விலை கேட்டபோது, கடைக்காரர் வலையைக் கையில் எடுக்கவே இல்லை. "குஞ்சுக்குத் தீனி ரெடியா இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இன்னிக்கு ஜோடி வேணாம். புழு கல்ச்சர் எடுத்துட்டுப் போங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார். கையில் பணத்தோடு நிற்பவரிடம் இப்படிச் சொல்லும் கடையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அவர் சொன்னதன் நியாயம் எனக்கு உடனே புரிந்தது. பைட்டர் முட்டைகள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுகள், ஆண் மீன் நீர்ப்பரப்பில் குமிழிகளால் கட்டும் நுரைக்கூட்டின் அடியில் வால் கீழே தொங்க இரண்டு மூன்று நாட்கள் இருந்து, வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருவைக் கொண்டே வாழ்கின்றன. அது தீர்ந்து, படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும் அன்றே அவற்றுக்குக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவிலான உயிர்த்தீனி வேண்டும். அசையாத பொடித் தீவனத்தை அவை பெரும்பாலும் சீண்டுவதில்லை. சென்ற ஆண்டு வேறோர் இடத்தில் வாங்கிய ஜோடி முட்டையிட்டு, குஞ்சுகளும் நன்றாகவே பொரிந்து, பிறகு ஒரு வாரத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சாமல் போனபோது நான் தண்ணீரைத்தான் சந்தேகித்தேன். அவை பட்டினியால் செத்தன என்பது இந்தக் கடைக்காரர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்று நான் வாங்கியது ஐம்பது ரூபாய்க்கு, அவர் சொன்ன புழு கல்ச்சர், அதாவது மைக்ரோ வார்ம் என்ற நுண்புழு வளரும் ஒரு டப்பா மட்டுமே. மூடியில் ஊசித் துளைகள் இட்ட சிறு பிளாஸ்டிக் டப்பாவில், ஓட்ஸ் கூழின் மேல் ஈஸ்ட் தூவி, புளித்த மாவு வாசனையோடு கொடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கூழின் மேற்பரப்பு மெல்ல நெளிவது தெரியும். நான்கைந்து நாளில் புழுக்கள் டப்பாவின் சுவரில் ஏறி வெள்ளைப் பூச்சு போலப் படிந்துவிடும். அதை ஐஸ் குச்சியால் வழித்துத் தண்ணீரில் கலக்கினால் போதும். ஒரு டப்பாவை நம்பி இருக்காமல், வாரம் ஒன்று வீதம் புதிய கூழில் பிரித்து வைத்துக்கொள்ளச் சொன்னதும் பயனுள்ள அறிவுரை, ஏனென்றால் பழைய கூழ் நாற்றமெடுத்து நீர்த்துப்போன பிறகு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை.

குஞ்சுகளுக்கு உயிர்த்தீனியாகப் பொரிக்க வைக்கும் ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் வகை) முட்டை விஷயத்தில் இந்தக் கடையின் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முன்பு வேறொரு கடையில் வாங்கிய, பெரிய டின்னிலிருந்து பிரித்துக் கட்டிய பாக்கெட்டில் பாதிக்கு மேல் பொரியவில்லை. இவர் முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறார். டின் திறந்த தேதியைப் பாக்கெட்டின் மேல் எழுதித் தருகிறார். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 25 கிராம் கல் உப்பைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி முட்டையைப் போட்டு, காற்றுக் குழாயை அடிவரை விட்டு வைத்தேன். மறுநாள் மாலை காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்தபோது, வெற்று ஓடுகள் மேலே மிதக்க, பொரிந்தவை கீழே விளக்கொளியை நோக்கி ஆரஞ்சு நிறத்தில் திரண்டு நின்றன. ஜோடி வாங்குவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு வாரம் கழித்துச் சென்றபோது ஜோடியைக் காட்டினார். சாதாரணக் கடைகளில் பெண் மீன் கிடைப்பதே அரிது. இங்கே ஏழெட்டுப் பெண்கள் தனித்தனி பாட்டில்களில் இருந்தன. ஆணின் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, பெண்ணின் உடலில் குறுக்கே ஓடாமல் மேலிருந்து கீழாகக் கோடுகள் தோன்றுகின்றனவா, வயிற்றின் அடியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். நான் கேட்ட, அரைவட்ட வால் கொண்ட ஹாஃப்மூன் ஆணுக்கு வால் கனமாக இருப்பதால் முட்டையிடும் நேரத்தில் பெண்ணைச் சுற்றி வளைத்து அணைப்பதில் சிரமப்படலாம் என்றும், முதல் முயற்சிக்குக் குட்டை வால் கொண்ட பிளகாட் பொருத்தம் என்றும் சொல்லி, விலை குறைந்த மீனையே கொடுத்தார். குறை என்றால், மீன்களின் வயதைக் கேட்டபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை. இளம் மீன்களே இனப்பெருக்கத்துக்கு ஏற்றவை என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. பிறந்த மாதத்தை பாட்டிலில் எழுதி வைத்தால் நன்றாக இருக்கும்.

தண்ணீரில் போடும் பாதாம் (நாட்டு வாதுமை) இலை பாக்கெட்டையும் ஹீட்டரையும் அவர் பரிந்துரைத்தார். இரண்டையும் நான் வாங்கவில்லை. நாட்டு வாதுமை மரம் எங்கள் தெருவிலேயே நிற்கிறது. தானாக உதிர்ந்து பழுப்பேறிய இலையைக் கழுவிக் காயவைத்துப் போட்டாலும் தண்ணீர் அதே தேநீர் நிறத்துக்கு வருகிறது. ஹீட்டர் சென்னையில் மார்கழி, தை இரவுகளைத் தவிர மற்ற நாட்களில் தேவைப்படாது என்பது என் அனுபவம். இந்த மீனுக்கு வேண்டிய 26 முதல் 28 டிகிரி வெப்பம் இங்கே தண்ணீரில் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் அவர் கொடுத்த தெர்மோகோல் பெட்டி விலைக்கு மேல் பயன் தந்தது. ஐந்து அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, ஓரத்தில் பாதியாக நறுக்கிய காகிதக் கோப்பையை ஒட்டி வைத்ததும், ஆண் மீன் அதன் அடியிலேயே நுரைக்கூடு கட்டிக்கொண்டது. மூடியைப் போட்டு வைத்தால் நீருக்கு மேலிருக்கும் காற்றும் வெதுவெதுப்பாகவே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகள் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கப் பழகும் காலத்தில் அது மிக அவசியம்.

அடிப்பகுதி வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் பெண்ணை ஒரு நாள் முழுவதும் நிறுத்தி வைத்து, மறுநாள் காலை திறந்துவிட்டேன். மதியத்துக்குள் அணைப்பு முடிந்து, விழும் முட்டைகளை ஆண் ஒவ்வொன்றாக வாயில் பிடித்துக் கூட்டில் ஒட்டியது. பெண்ணை உடனே எடுத்துவிட்டேன்; குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய அன்று ஆணையும் எடுத்தேன். அன்று காலையே மைக்ரோ வார்ம் தயாராக இருந்தது. இருபதாம் நாளான இன்று, அறுபதுக்கு மேற்பட்ட குஞ்சுகள் ஆர்டீமியா தின்று ஆரஞ்சு நிற வயிற்றோடு நீந்துகின்றன.

இன்னும் சில வாரங்களில் ஆண் குஞ்சுகள் சண்டையிடத் தொடங்கும் என்பதால் தனித்தனி பாட்டில்கள் வேண்டும். அவற்றைக் கடைக்காரர் பழைய விலைக்கே மொத்தமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலையில் அங்கே கூட்டம் அதிகம், அவரால் யாரிடமும் நின்று பேச முடிவதில்லை. கேள்வி கேட்டு வாங்க விரும்புகிறவர்கள் வார நாளில் மாலை நான்கு மணிக்கு மேல் செல்லலாம். ஜோடி தருவதற்கு முன் தீனியைப் பற்றிக் கேட்பார் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.